வீட்டுக்குள் புகுந்த நீரும் காப்பீட்டு இழப்பீடும்: சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஒவ்வோர் ஆண்டும் சென்னையின் ஏதாவது ஒரு பகுதியில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது. 2015 டிசம்பரில் அடையாற்றின் கரையோரம் பட்ட பாட்டையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் பட்ட பாட்டையும் யாரும் மறந்திருக்க முடியாது. மழையே இல்லாத சித்திரை மாதத்திலும் மேல்வீட்டுக் குழாய் உடைந்து கூரை வழியாகத் தண்ணீர் கொட்டுவதுண்டு. இத்தகைய இழப்புகளுக்குக் காப்பீடு இருந்தும், கிடைக்க வேண்டிய தொகையில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுபவர்கள் ஏராளம். முதன்முறையாக வீட்டுக் காப்பீட்டில் இழப்பீடு கோருபவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் எழுதும் அறிக்கையில் எந்தக் காரணம் குறிக்கப்படுகிறது, எந்தெந்தப் பொருள்கள் இடம்பெறுகின்றன என்பதைப் பொறுத்தே உங்களுக்கு வரும் தொகை அமைகிறது. அந்த அறிக்கையில் ஏறாத இழப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கணக்கில் வராது. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்த அறிக்கையை உண்மைக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதற்கான வழிகளே.

பாலிசியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

தீக்காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே வடிவிலான வீட்டுப் பாலிசியை 2021 ஏப்ரல் 1 முதல் வழங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதித்தது. இன்று பலருடைய கையில் இருப்பது இந்தப் பாலிசியோ, இதன்மீது சில கூடுதல் பாதுகாப்புகளைச் சேர்த்த வடிவமோதான். புயல், வெள்ளம், நீர் சூழ்தல் ஆகியவற்றோடு, தண்ணீர்த் தொட்டி, குழாய், நீர்ச்சாதனம் ஆகியவை வெடிப்பதாலோ நிரம்பி வழிவதாலோ ஏற்படும் சேதத்தையும் இது ஏற்கிறது. இத்தகைய நிகழ்வின் காரணமாக ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டும் இதில் அடங்கும். வெள்ளத்திற்கு அஞ்சி வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குச் சென்றவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. திருட்டு நடந்திருந்தால் காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கட்டடத்திற்கான காப்பீட்டுத் தொகையை நிலத்தின் விலையையோ வீட்டின் சந்தை விலையையோ வைத்துக் கணக்கிடக் கூடாது. கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பை, கட்டுமானச் செலவால் பெருக்கினால் வருவதே அந்தத் தொகை. 900 சதுர அடி வீட்டிற்கு, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 22.5 லட்சம் வரும். வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தனியாகக் கேட்காமலேயே கிடைக்கும். இந்த எடுத்துக்காட்டில் அது 4.5 லட்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பொருள்களைப் பட்டியலிட்டுத் தொகையை உயர்த்திக்கொள்ளலாம். நகை, ஓவியம் போன்ற விலையுயர்ந்தவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்தால்தான் உண்டு.

இந்தப் பாலிசியில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. பழைய வகைப் பாலிசிகளில், 40 லட்சம் மதிப்புள்ள கட்டடத்தை 20 லட்சத்திற்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், ஏற்பட்ட சேதம் இரண்டு லட்சமாக இருந்தாலும் அதில் பாதியைத்தான் கணக்கிடுவார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த விகிதக் கழிவு கிடையாது. யாராவது அதைச் சொல்லித் தொகையைக் குறைத்தால், எந்த விதியின் கீழ் குறைக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

வீட்டுக் கடனோடு சேர்த்து வங்கி எடுத்துக்கொடுத்த பாலிசி பெரும்பாலும் கட்டடத்தை மட்டுமே காக்கும். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் அதில் வராமல் போகலாம். வங்கியின் பெயர் பாலிசியில் இருந்தால் கட்டடத்திற்கான தொகை வங்கியின் வழியாகவே வரக்கூடும் என்பதால், கிளை மேலாளரிடமும் ஆரம்பத்திலேயே தெரிவித்துவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். காரும் பைக்கும் வீட்டுப் பாலிசியில் வராது. அவற்றுக்கான கோரிக்கை தனி.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

தகராறுகளில் பெரும்பாலானவை பிறப்பது இந்தக் கேள்வியில்தான். வெள்ளமும் குழாய் வெடிப்பும் திடீரென நிகழ்பவை. பாலிசி அவற்றை ஏற்கிறது. மாதக்கணக்கில் சுவரில் ஏறும் ஓதம், குளியலறைத் தரையின் வழியாகச் சொட்டும் கசிவு, மொட்டை மாடியில் தளவோடு விரிசல் விட்டு இறங்கும் ஈரம் ஆகியவை மெல்ல மெல்ல ஏற்படும் தேய்மானம் என்ற பிரிவில் தள்ளப்பட்டு விலக்கப்படும். ஒரே சுவரில் பழைய ஓதக் கறையும் புதிய வெள்ளக் கறையும் இருக்கும்போது, முழுவதையும் பழைய கறை என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. எனவே காரணத்தை நீங்களே ஆதாரத்தோடு நிறுவுங்கள்.

வெள்ளம் என்றால், வீட்டுக்குள் எடுக்கும் படங்களோடு தெருவில் தேங்கிய தண்ணீரையும், பக்கத்து வீட்டு வாசலையும், தெருப் பெயர்ப்பலகை தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கழிவறை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் மேலேறி வந்த வீடுகளுக்கு இது மிகமிக அவசியம். தெருவும் அந்த நேரத்தில் மூழ்கியிருந்தது என்று காட்டாவிட்டால், வெறும் அடைப்பு என்று அதை ஒதுக்கிவிட வழி இருக்கிறது. அன்றைய நாளிதழ்ச் செய்தி, 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்குப் புகார் செய்த பதிவு, நுங்கம்பாக்கம் அல்லது மீனம்பாக்கம் நிலையங்களின் அன்றைய மழையளவு ஆகியவற்றையும் சேர்த்துவையுங்கள்.

குழாய் உடைப்பு என்றால், பிளம்பர் வெட்டியெடுத்த அந்த உடைந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விரிசல் விட்ட எல்போவை, அதாவது குழாயின் வளைவுத் துண்டை, ஒரு பையில் போட்டுத் தேதி எழுதிவையுங்கள். பல பக்கக் கடிதத்தைவிட அந்தத் துண்டு பேசும். எந்த இடத்தில், எப்படி உடைந்திருந்தது என்று பிளம்பரிடம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இரும்புக் குழாய் உப்புத் தண்ணீரில் அரித்து ஓட்டை விழுந்திருந்தால், குழாயை மாற்றும் செலவைத் தேய்மானம் என்று மறுப்பார்கள். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் அந்தக் குழாய் வெடித்ததால் கெட்டுப்போன அலமாரியும் மெத்தையும் வேறு கணக்கு. குழாய்ச் செலவின் பில்லையும் சேதத்தின் பில்லையும் எப்போதும் தனித்தனியாக வைத்திருங்கள்.

மேல்வீட்டுக்காரரின் தொட்டி வழிந்து உங்கள் வீடு நனைந்திருந்தால், 'இனி உங்களிடம் எதுவும் கேட்க மாட்டோம்' என்று அவருக்கு எதையும் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு இழப்பீடு தந்த பிறகு, பொறுப்பானவரிடமிருந்து அதை வசூலிக்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்திற்கு உண்டு. அந்த உரிமையை நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்லி உங்கள் கோரிக்கையையே மறுக்க முடியும். அண்டை வீட்டு உறவு கெடாமல் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்து மட்டும் வேண்டாம்.

முதல் ஓரிரு நாள்கள்

வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள்; மீட்டர் பெட்டியே தண்ணீரில் இருந்தால் மின்வாரிய ஊழியர் வரும்வரை காத்திருங்கள். அடுத்தது, நனைந்த மின்சாதனம் எதையும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று போட்டுப் பார்க்கக் கூடாது. தண்ணீரால் கெட்ட வாஷிங் மெஷினைப் போட்டு ஷார்ட் சர்க்யூட் ஆகிவிட்டால், மின்கோளாறால் வந்த சேதம் என்ற விலக்கு உங்கள் மேல் பாயும்.

நிறுவனத்தின் இலவச எண்ணில் அழைத்துக் கோரிக்கையைப் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே நாளில் ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். என்ன நடந்தது, எப்போது தெரியவந்தது, தோராயமாக எவை சேதமடைந்தன என்று நான்கு வரி போதும். செல்போன் கோபுரங்கள் செயலிழந்ததால் ஓரிரு நாள் தாமதமாகியிருந்தால், அதையும் எழுதிவிடுங்கள். தாமதத்தை மட்டும் காரணமாக வைத்து, நேர்மையான கோரிக்கையை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2011-லேயே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை. தண்ணீரை இறைத்து வெளியேற்றலாம், ஜன்னலைத் திறக்கலாம், மெத்தையை வெளியே எடுத்துப் போடலாம். ஆனால் எதையும் நகர்த்தும் முன், துடைக்கும் முன் படம் எடுத்துவிடுங்கள். அறை அறையாக ஒரு நீண்ட வீடியோ. பிறகு ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, தரையிலிருந்து இஞ்ச் டேப்பை நிமிர்த்தி வைத்து, எண் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் பின்புறமோ கதவின் உள்புறமோ ஒட்டியிருக்கும் மாடல் எண் ஸ்டிக்கரையும் எடுங்கள். பில் தொலைந்துபோயிருந்தால் இதுதான் கைகொடுக்கும். நாற்றம் தாங்காமல் தூக்கிப்போட்டே ஆக வேண்டிய பொருள்களை, நிறுவனத்திற்கு மின்னஞ்சலில் தெரிவித்த பிறகு அகற்றுங்கள்.

வீட்டைக் கழுவித் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டால்தான் மனம் அமைதியடையும் என்பது இயல்பு. ஆனால் சர்வேயர் வருமுன் வீடு பளிச்சென்று இருப்பது பண நஷ்டம். மிக்ஜாமுக்குப் பிறகு மடிப்பாக்கத்தில் தரைத்தள வீடு ஒன்றில் சர்வேயர் வேலை செய்ததை நான் உடனிருந்து பார்த்தேன். அவர் சமையலறையில் குந்தி உட்கார்ந்து, கீழ் அலமாரியின் அடிப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஊறிப்போயிருந்த பார்ட்டிகிள் போர்டு பஞ்சாக உள்ளே இறங்கியது. கீழ்வரிசைக் கதவுகளை முழுதாக மாற்ற வேண்டும் என்று உடனே எழுதிக்கொண்டார். அடுத்த அறையில், முந்தின நாளே துடைத்து எண்ணெய் தடவி வைத்திருந்த மர பீரோவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் சேதமில்லை என்று எழுதினார். அந்த வீட்டு அம்மா, 'சார், முட்டி வரைக்கும் தண்ணி நின்னுச்சு' என்றார். பீரோவின் அடியை நகர்த்திக் காட்டிய பிறகுதான், பிளைவுட் இதழ் இதழாகப் பிரிந்திருந்தது அவர் கண்ணில் பட்டது.

சர்வேயர் வரும் நாள்

சர்வேயர் ஐஆர்டிஏஐ உரிமம் பெற்றவர். நிறுவனம்தான் அவரை நியமித்துக் கட்டணம் தருகிறது என்றாலும், இழப்பை நடுநிலையோடு மதிப்பிட வேண்டியது அவருடைய கடமை. அவரிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். ஆனால் அவர் தனியாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். கையில் பட்டியலோடு ஒவ்வோர் அறையிலும் கூடவே இருங்கள். பட்டியலில் பொருளின் பெயர், மாடல், வாங்கிய ஆண்டு, அப்போதைய விலை, இன்றைய விலை, என்ன சேதம், எந்தப் படத்தில் இருக்கிறது என்பவை இருந்தால் போதும். அந்தப் பட்டியலில் அவரது கையொப்பமும் தேதியும் கேளுங்கள். தர மறுத்தால், அன்று மாலையே 'இன்று தாங்கள் பார்வையிட்ட பொருள்களின் பட்டியல் இத்துடன்' என்று அவருக்கும் நிறுவனத்திற்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

ஒன்றையும் கூட்டிச் சொல்லாதீர்கள். வீட்டில் இல்லாத டிவியைப் பட்டியலில் சேர்ப்பது மோசடி என்று கொள்ளப்பட்டு, உண்மையான இழப்புக்கும் பணம் வராமல் போகும். அதே நேரத்தில், சின்னது என்று எதையும் விட்டுவிடவும் வேண்டாம். தலையணை, பாய், மிக்ஸி, அரிசி மூட்டை, பிள்ளைகளின் புத்தகம், பட்டுப்புடவை என்று சேர்த்துப் பார்த்தால் கணிசமான தொகை வரும்.

ரிப்பேர் எஸ்டிமேட் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். 'மொத்த வேலைக்கும் ரூபாய் மூன்று லட்சம்' என்று மேஸ்திரி துண்டுச் சீட்டில் எழுதித் தருவதை வைத்து எந்தச் சர்வேயரும் தொகை போட மாட்டார். தன் கணிப்பில் பாதியாகக் குறைத்துவிடுவார். பூச்சு உடைத்துப் பூசுவது எத்தனை சதுர அடி, அதற்கு என்ன விலை, பட்டி எத்தனை கோட், வயரிங் எத்தனை பாயிண்ட், கதவு நிலை எத்தனை என்று தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். இயன்றால் இரண்டு பேரிடம் வாங்குங்கள். தண்ணீர் மூன்றடிக்கு நின்றது என்பதால் மூன்றடிக்கு மட்டும் பெயிண்ட் தொகை தருவதாகச் சொன்னால், அந்தச் சுவரின் மீதிப் பகுதியோடு நிறம் ஒத்துவராது என்பதைக் காட்டி முழுச் சுவருக்குக் கேளுங்கள். மின்சாதனங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிடமிருந்து, பழுதுக்குக் காரணம் தண்ணீர் புகுந்ததே என்றும், சரிசெய்ய முடியுமா முடியாதா என்றும் எழுத்தில் வாங்குங்கள்.

பலரும் கேட்காமல் விட்டுவிடும் இரண்டு தொகைகள் பாரத் கிருஹ ரக்ஷாவில் இருக்கின்றன. இடிபாடுகளையும் கழிவுகளையும் அகற்றும் செலவுக்குக் கோரிக்கைத் தொகையில் 2 சதவீதம் வரையும், பொறியாளர், கட்டடக் கலைஞர் கட்டணத்திற்கு 5 சதவீதம் வரையும் கேட்கலாம். குடியிருக்க முடியாத நிலையில் வேறு வீட்டுக்குப் போக நேர்ந்தால், மாற்று வீட்டு வாடகைக்கான பாதுகாப்பு உங்கள் பாலிசி அட்டவணையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அந்த வாடகை ரசீதுகள் வேண்டும்.

ஆவணம் இல்லை என்று சொல்லியே கோப்பை மூடுவதை ஐஆர்டிஏஐ 2024-இல் தடுத்திருக்கிறது: ஆவணம் இல்லாத காரணத்தால் மட்டும் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது, கோரிக்கைக்கு நேரடியாகத் தொடர்புள்ளவற்றை மட்டுமே கேட்க வேண்டும் என்பது விதி. வெள்ளத்தில் பில்லே நனைந்து கரைந்துவிட்டவர்கள் வங்கிக் கணக்கு விவரம், ஆன்லைன் ஆர்டர் பதிவு, கடையிலிருந்து பெறும் பில் நகல், பழைய குடும்பப் படங்கள் ஆகியவற்றைக் காட்டலாம். பொங்கலன்று கூடத்தில் எடுத்த படத்தில் பின்னால் டிவியும் சோபாவும் இருந்தால் அதுவும் ஆதாரமே.

தொகை குறைவாக வந்தால்

கோரிக்கை வந்த 24 மணி நேரத்திற்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும். அவருடைய அறிக்கை கிடைத்த ஏழு நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024-இன் விதி. பெருவெள்ளக் காலத்தில் இவை இழுபடுவதுண்டு. ஆனாலும் நாள் தவறும் ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலில் நினைவூட்டுங்கள். தாமதத்திற்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வட்டி கேட்க அந்தக் கடிதங்கள் பயன்படும்.

குறைந்த தொகைக்கு முடிவுக் கடிதம் வந்ததும் முதல் வேலையாக சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதை உங்கள் பட்டியலோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். எவை விடுபட்டன, எங்கே தேய்மானம் கழிக்கப்பட்டது, நனைந்த பொருளின் காயலான் விலை எவ்வளவு என்று பிடிக்கப்பட்டது என மூன்று பிரிவாகப் பிரித்தால் படம் தெளிவாகிவிடும். வீட்டுப் பொருள்களுக்கு அதே போன்ற பொருளை வாங்கும் செலவைத் தருவது பாரத் கிருஹ ரக்ஷாவின் அடிப்படை என்பதால், சோபா பழையது என்று பாதியைக் கழித்திருந்தால் அதைக் கேள்வி கேட்கலாம். ஊறிப்போன மெத்தைக்கு மூவாயிரம் ரூபாய் காயலான் மதிப்பு போட்டிருந்தால், அந்த விலைக்கு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுங்கள். 'தொகை மிகவும் குறைவு, மனவேதனை அளிக்கிறது' என்ற கடிதத்தால் பயனில்லை. '14-ஆம் வரி: சமையலறைக் கீழ் அலமாரி, எஸ்டிமேட் இவ்வளவு, அனுமதித்தது இவ்வளவு, படம் 32-ஐப் பார்க்கவும்' என்று எழுதும் கடிதத்திற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்' என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்திட்டால்தான் பணம் என்று சொல்வார்கள். கூரையில்லாமல் நிற்பவர் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்? அப்படிக் கையெழுத்திட்டிருந்தாலும், கூடுதல் இழப்பீடு கேட்டு வழக்காடும் உரிமை போய்விடாது என்று ஐஆர்டிஏஐ 2015 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. ஆயினும், கையெழுத்தோடு 'எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதி, அதே நாளில் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிடுவதே பாதுகாப்பு.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் கொடுத்தால் இரண்டு வாரத்திற்குள் தீர்வு சொல்ல வேண்டும். ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ அந்தப் புகாரை மேலே கொண்டுசெல்லலாம். ஆனால் ஆணையம் தொகையைத் தீர்மானித்துத் தராது, நிறுவனத்தைப் பதில் சொல்லவைக்கும், அவ்வளவே.

தொகையைத் தீர்மானிக்கக்கூடியவர் ஆம்பட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அவருடைய சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை அண்ணா சாலையில், 453-ஆம் எண்ணில் உள்ள ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இயங்குகிறது. நிறுவனத்திற்கு எழுதி, மறுப்பு வந்த பிறகோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ அங்கே போகலாம்; மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். சாதாரணக் குடும்பத்தினர் முதலில் நாட வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அங்கும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வழக்குக்குக் காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் அங்கே மனு செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் வரிசை மாற்றாதீர்கள்: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது குறைதீர்ப்பாளர் அதே விவகாரத்தை எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே தேனாம்பேட்டைக்கு முதலில் செல்லுங்கள். பாலிசி, முதல் நாள் மின்னஞ்சல், படங்கள், பொருள் பட்டியல், எஸ்டிமேட், சர்வே அறிக்கை, உங்கள் வரிவாரியான ஆட்சேபணை, நிறுவனத்தின் மறுப்பு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிப் பக்க எண் இட்டு எடுத்துச் செல்லுங்கள். விசாரணையின்போது எந்தக் கேள்வி வந்தாலும் பக்க எண்ணைச் சொல்லி உடனே காட்ட முடியும்.